முன்பணம் கட்டுவதற்கு முன்: என்.சி.சி. முதலாம் ஆண்டு மாணவியின் தாய்க்கு

கானாடுகாத்தானிலிருந்து வந்து என்னைச் சந்தித்த ஆச்சி ஒருவரின் கவலை, செட்டிநாட்டில் இப்போது பல வீடுகளில் இருக்கும் கவலை என்பதால், அவருக்குச் சொன்னதை அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் இந்த ஆண்டுதான் பள்ளியின் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேர்ந்தாள். பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போய், அங்கே துப்பாக்கி சுடும் போட்டியில் இரண்டாம் ஆண்டு மாணவியரோடு சேர்ந்து போட்டியிட்டு, பரிசு ஏதுமின்றி, வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கு மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. பிள்ளையார் நோன்புக்கு வந்திருந்த பெரியப்பச்சியும் (பெரியப்பா) அம்மானும் (தாய்மாமன்), இந்த அணிவகுப்பெல்லாம் போதும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீட் அடிப்படைப் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள் என்று முடிவே சொல்லிவிட்டார்கள். முன்பணம் கட்ட வேண்டிய தேதியும் நெருங்கிவிட்டது.

ஆச்சி, கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். பத்து நாள் பாடம் விட்டுப்போன பிள்ளைக்கு அது இயல்பு, இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். அந்தப் பயிற்சி வகுப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. நீங்களே சொன்னபடி, கட்டணத்துக்காக உங்கள் வளையல்களை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்காக இன்று வட்டி கட்டத் தொடங்கினால், பதினேழு வயதில் அவள் ‘எனக்கு மருத்துவம் வேண்டாம்’ என்று சொல்ல நினைத்தாலும் அந்த வட்டி அவள் வாயை அடைத்துவிடும். அவள் ஒருமுறைகூட டாக்டராக வேண்டும் என்று கேட்டதில்லை என்பதை நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். கேட்காத பிள்ளைக்காக நகையை அடகு வைக்காதீர்கள். பெரியப்பச்சி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தவணையைக் கட்டப்போகிறவர் அவர் அல்லர்.

இப்போது போட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் தோல்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். மாணவர் படையில் புதியவர்கள் பெரும்பாலும் .22 ரைபிளால், தரையில் குப்புறப் படுத்து, 25 மீட்டர் தொலைவிலிருக்கும் குறியைச் சுடக் கற்கிறார்கள். உங்கள் மகள் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் சுட்டிருக்கிறாள். அவள் கொண்டுவந்து காட்டிய தாளில் ஐந்து ஓட்டைகளும் நடுவிலிருந்து விலகி, இடப்பக்கம் கீழே ஓரிடத்தில் நெருங்கி விழுந்திருந்தன. ‘ஒன்றுகூட நடுவில் இல்லையே’ என்று நீங்கள் வருந்தினீர்கள். ஆனால் தொடக்க நிலையில் பயிற்றுநர்கள் முதலில் பார்ப்பது குரூப்பிங்கைத்தான், அதாவது ஐந்து குண்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்பதைத்தான். ஒன்று நடுவிலும் மற்ற நான்கு நான்கு மூலையிலுமாகச் சிதறினால், நடுவில் விழுந்தது வெறும் தற்செயல். ஐந்தும் ஓரிடத்தில் கூடி விழுந்திருந்தால், அந்தக் கை நடுங்கவில்லை, மூச்சு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றது, விசையை விரல் வெடுக்கென்று இழுக்கவில்லை என்று பொருள். இடம் விலகியதைக் குறிபார்க்கும் முறையைத் திருத்திச் சரிசெய்துவிடலாம். முதல் ஆண்டிலேயே அந்த நிதானம் வந்திருப்பதைப் பரிசுப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

அவள் நாட்டத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறொன்று உண்டு. யாரும் சொல்லாமலேயே தன் தெருக்களை வடக்குத் திசையும் அளவுகோலும் குறித்து வரைந்து, ஊருணியை நீலத்தில் தீட்டி, கோயிலுக்கும் ரயில் பாதைக்கும் முகாமில் கற்ற வரைபடக் குறிகளை இட்டு என்னிடம் காட்டினாள். சீருடையைப் பற்றி அவள் பேசவேயில்லை. வரைபடத்தைப் பற்றிக் கேட்டபோது நிறுத்தாமல் பேசினாள்.

என்.ஐ.டி., ஐ.ஐ.டி., சி.ஏ. போன்ற வழிகளை உங்கள் சொந்தக்காரர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத வழி இது. பள்ளியில் இரண்டு ஆண்டு முடித்தால் ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். கல்லூரியில் தொடர்ந்தால் ‘பி’, மூன்றாம் ஆண்டில் ‘சி’. அந்த ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும், ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் இருந்தால், 19 முதல் 25 வயதுக்குள் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்வதற்கான என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பம் தேறினால் நேரே எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வுக்கு அழைப்பார்கள். படத்தைப் பார்த்துக் கதை எழுதுவது, குழுவாகச் சேர்ந்து கயிறும் பலகையும் கொண்டு தடைகளைக் கடப்பது, நீண்ட நேர்காணல் என்று அது போகும். பதின்மூன்று வயதிலிருந்து முகாம்களில் அறிமுகமில்லாத பெண்களோடு கூடாரம் அடித்துப் பழகியவளுக்கு இந்த ஐந்து நாள் புதிதாக இருக்காது. மருத்துவப் பரிசோதனையிலும் தேறித் தரவரிசையில் இடம்பெற்றால், சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 49 வாரப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. 1992 முதல் பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். முதலில் 10 ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணிக்கும் பரிசீலிக்கப்படுகிறார்கள்.

உண்மையையும் மறைக்கக் கூடாது. இந்த நுழைவில் பெண்களுக்கான இடங்கள் ஒரு பருவத்துக்குக் கைவிரல் எண்ணிக்கைதான். ‘ஏ’ சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தராது. ஆகவே பட்டப்படிப்பு அவள் தானாக விரும்பிப் படிப்பதாக இருக்க வேண்டும். இப்போதைய நாட்டத்தைப் பார்த்தால் புவியியல் என்று எனக்குப் படுகிறது. பிளஸ் 1 வகுப்பில் கணக்கை விடாமல் வைத்திருந்தால், 2022 முதல் பெண்களைச் சேர்க்கும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் (என்.டி.ஏ.) தேர்வையும் எழுதிப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் கணிதத் தாளுக்கு மட்டும் 300 மதிப்பெண். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அங்கே சீனியர் விங், அதாவது கல்லூரி மாணவியருக்கான என்.சி.சி. பிரிவு, இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில்தான் ‘சி’ தேர்வு என்பதால் முதல் ஆண்டிலேயே சேர்ந்தாக வேண்டும். இதைத் தவறவிட்டுப் பின்னால் வருந்தும் பிள்ளைகள் பலர்.

அம்மான் இன்னொன்றும் சொன்னாராம்: ராணுவம்தான் பிடிக்கும் என்றால் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் ராணுவப் பாணி விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று. அதுவும் வேண்டாம். உங்கள் மகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அங்கே சீருடையும் முகாம் உணவும் அரசின் செலவு. சுயநிதித் திட்டத்தில் நடக்கும் சில பள்ளிகளில்தான் கட்டணம் உண்டு. இலவசமாகவும் நன்றாகவும் கிடைக்கும் ஒன்றை விலை கொடுத்து வெளியூரில் தேட வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை சிலவே. காரைக்குடியில் ஒரு கண் மருத்துவரிடம் நிறப்பார்வையையும், எலும்பு மருத்துவரிடம் தட்டைப் பாதம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; குறை இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. பள்ளியின் என்.சி.சி. ஆசிரியரைச் சந்தித்து, அடுத்த ஆண்டு தல் சைனிக் என்ற தேசிய அளவிலான என்.சி.சி. முகாமுக்கான தேர்வுப் போட்டிகளில், துப்பாக்கி சுடுதலோடு வரைபட வாசிப்புக்கும் அவள் பெயரைப் பரிசீலிக்கச் சொல்லுங்கள். அந்த முகாம் டெல்லியில் நடக்கும்போது நாட்டிலுள்ள என்.சி.சி.யின் 17 வட்டார இயக்ககங்களின் அணிகளும் அங்கே மோதும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ‘ஏ’ தேர்வை எழுதவே முடியாது. பயிற்சி வகுப்புக்கு நாளைக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, சேரவில்லை என்று சொல்லிவிடுங்கள். பெரியப்பச்சியிடம் அதை அவள் அப்பச்சியே (தந்தையே) நேரில் போய்ச் சொல்லட்டும், பிள்ளையை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள்.