புது மதர்போர்டில் ராம் போட்டேன், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை. ராம் போய்விட்டதா?

(கேட்டவர் காட்பாடி. பி650 போர்டு, ரைசன் 5 7600, 16 ஜிபி டிடிஆர்5 இரண்டு. 'டிராம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஆஃப் செய்கிறார்.)

அந்த 'ஒரு நிமிடம்'தான் சிக்கலாக இருக்கும். ராமைத் தூக்கிக்கொண்டு சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயில் ஏறாதீர்கள்.

டிடிஆர்5 போர்டு புது ராமைப் பார்த்ததும் ஒவ்வொரு சிக்னல் தடத்துக்கும் நேரத்தையும் வோல்டேஜையும் தானே மாற்றி மாற்றிச் சோதித்துப் பொருத்திக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். அது முடியும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் விளக்கு எரியும், இடையில் தானே ஓரிரு தடவை ரீஸ்டார்ட் ஆகலாம். இரண்டு ராமுக்கே சில நிமிடங்கள் பிடிக்கும். நான்கு போட்டால் பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகும். நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து. கரண்ட் போய் வந்தாலும் அதே கதி. அதனால் யுபிஎஸ்ஸில் மாட்டி, ஆன் செய்து, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கை வைக்காமல் விடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் ராம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச கரண்ட்டை இறக்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராமுக்கு உரிய இடம் ஏ2, பி2. பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் 2-வதும் 4-வதும். இந்தப் போர்டுகளில் பொதுவாகத் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடியும். முதல் ஸ்லாட்டில் ராமைப் போட்டால் மீதித் தடம் வெறும் வாலாகத் தொங்கி, சிக்னல் அதில் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

பல போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் உண்டு. கிளிப் பக்கம் 'டக்' என்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் எதிர்முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தங்க நிறப் பட்டை ஒரு முனையில் தெரிந்து மறு முனையில் தெரியாவிட்டால் சரியாக உட்காரவில்லை. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்துங்கள். போர்டு லேசாக வளையும், அது சகஜம்தான். ஆனால் ராமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு ஸ்லாட்டோடு பொருந்தாமல் அழுத்தாதீர்கள். டிடிஆர்4-க்கும் 288 பின்தான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும்.

நம்மூர்ச் சங்கதி இரண்டு. வேலூர் சித்திரை வெயிலில் மத்தியானம் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு ஸ்லாட்டில் விழுந்தால் போதும். அடுத்தது, ராமை ரப்பர் போட்டுத் தேய்க்கும் வழக்கம். பழைய, கறுத்த ராமுக்கு அது ஏதோ பலன் தரலாம். புது ராமுக்குத் தேவையே இல்லை; ரப்பர் தூள்தான் ஸ்லாட்டுக்குள் போய்ச் சேரும்.

அடுத்து ஒற்றை ராம் சோதனை. ஒன்றை மட்டும் ஏ2-வில் போட்டு 15 நிமிடம். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஏ2-வில். ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால், வராத ராம்தான் பழுது. இரண்டும் ஏ2-வில் வேலை செய்து, பி2-வில் எதுவுமே வரவில்லையென்றால் ராமின் மேல் பழியில்லை. கூலர் திருகுகள் ஒரு பக்கம் இறுகியிருக்கலாம், அல்லது சாக்கெட்டில் பின் வளைந்திருக்கலாம். உங்கள் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்களும் போர்டில்தான் இருக்கின்றன. பிராசஸரைக் கழற்றிவிட்டு, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வளைந்த பின் மட்டும் வேறு மாதிரி மினுக்கும்.

இரண்டுமே ஏ2-வில் வரவில்லையா? கரண்ட் இல்லாத நிலையில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். பிறகு, போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் (டிஸ்பிளே இல்லாமலே பயாஸை ஏற்றுவது) இருந்தால், எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புது பயாஸைப் போட்டு ஏற்றுங்கள். கோப்புக்கு என்ன பெயர் வைப்பது, எந்த யுஎஸ்பி துளை என்பது போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டில் இருக்கும். இதையும் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள்.

டிஸ்பிளே வந்த பிறகுதான் எக்ஸ்போ, அதாவது ராம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை பயாஸில் ஆன் செய்யும் வசதி. 7600-க்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் 5200. பெட்டியில் 6000 என்று இருந்தால் அது ஓவர்கிளாக், அதாவது அதிகாரப்பூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எக்ஸ்போ போட்டதும் மறுபடி டிரெய்னிங் நடக்கும், பயந்து அணைக்காதீர்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்போ இல்லாமலும் பிழை வந்தால் ராமை மாற்றத்தான் வேண்டும்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் எடுத்துப் போங்கள். ராமை மட்டும் கொண்டுபோனால் அவர்கள் போர்டில் மாட்டிக் காட்டுவார்கள், அங்கே ஓடும், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.