விறகில் பிரியாணி, 15 பேர் முகாம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: ஏற்காட்டில் தனியார் எஸ்டேட் ஒன்றில் 15 பேர் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். இரவுக்கு விறகடுப்பில் சிக்கன் பிரியாணி. ஆன்லைனில் 'கேம்பிங் குக்வேர் செட்' ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு மூன்று பேருக்குச் சின்ன கேஸ் ஸ்டவ்வில் நூடுல்ஸ் கிளறுவதற்கான மெல்லிய அலுமினியம் அது. விறகுத் தீயில் அடி நெளியும், பிளாஸ்டிக் பிடி உருகும். நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். தீயில் அந்தச் சூடு சில நிமிடத்திலேயே வந்துவிடும்.

உங்களுக்கு 2 கிலோ சீரகச் சம்பா, இரண்டேகால் கிலோ கறி போதும். வெந்த பிறகு எல்லாமாகச் சேர்ந்து 10 லிட்டர் அளவுக்கு வரும். கிளறவும் இடம் வேண்டுமே, ஆகவே 15 லிட்டர் அண்டா. வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்கள் அதை விலைக்கு வாங்கிப் பரணில் போடுவதில் அர்த்தமில்லை. பாத்திர வாடகைக் கடையில் தடித்த அடியுள்ளதாகக் கேளுங்கள். பித்தளை அண்டா என்றால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயிரும் தக்காளியும் அதில் பட்டால் களிம்பு ஏறும். பூச்சு நன்றாக இருந்தாலும் வெறும் அண்டாவை அடுப்பில் காயவிடாதீர்கள். அந்தப் பூச்சு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். இருக்கும் நெளிவு, ஓட்டையை எல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்கினால் முன்பணம் முழுதாகத் திரும்பும்.

காசு போட்டு வாங்க வேண்டியது அண்டாவை ஏற்றி வைக்கும் முக்காலி. வெல்டிங் கடையில் 12 மி.மீ. இரும்புக் கம்பியில், தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி கூடாது, சூட்டில் துத்தநாகப் புகை வரும். நீளப்பிடிக் கரண்டி, இடுக்கி, தோல் கையுறை, அதோடு ஒரு பழைய தோசைக்கல். இந்தத் தோசைக்கல்தான் பிரியாணியைக் காப்பாற்றும். அரிசியும் தண்ணீரும் சமமாக வந்ததும் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்து, தணலை மட்டும் விட்டு, அண்டாவுக்கு அடியில் கல்லைச் செருகுங்கள். மூடிமேல் கொஞ்சம் தணல், 20 நிமிடம் தம். இந்த நேரத்தில் 'இன்னும் கொஞ்சம் எரியட்டும்' என்று யாராவது கட்டையைத் தள்ளுவதால்தான் பெரும்பாலும் அடிப்பிடிக்கிறது. இன்னொன்று: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தே போடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து சேலம் வரை ரயில். அவசரத்துக்குச் சின்ன கேஸ் சிலிண்டர் எடுத்துப் போகலாமா? விறகைக் காட்டில் பொறுக்கிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ரயிலில் சிலிண்டருக்குத் தடை. 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தது அப்படிக் கொண்டுவந்த சிலிண்டரால்தான். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். எஸ்டேட்டில் அடுப்புக்குத் தனி இடம் உண்டா, விறகுக்குத் தனிக் கட்டணமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வெளியே வாங்குவதானால் விறகுக்கடையில் சவுக்கு அல்லது கருவேலம், 12 கிலோ. எடைபோட்டு விற்பதால் ஈர விறகில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், வெட்டுமுனையில் வெடிப்பு இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், அரளிக்குச்சி மூன்றும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. கரி வாங்குவது கிரில்லுக்கு மட்டும். அண்டா கொதிக்கத் தேவை சுவாலை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய வார்ப்பிரும்புச் சட்டி முதல் சமையலிலேயே விரிசல் விட்டது. என் தவறு என்கிறார் விற்றவர்.

பதில்: காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அவர் சொல்வது சரி. இல்லையென்றால் விரிசலின் உட்பக்கத்தைப் பாருங்கள். புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்போலத் தெரியும். அங்கே கறுப்போ துருவோ படிந்திருந்தால் வார்ப்பிலேயே இருந்த பழுது என்பதற்கு அது நல்ல சான்று. நெருக்கமாகப் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்த முறை சட்டி வந்ததும் பிடியைத் தூக்கிப் பிடித்து மரக்கரண்டியால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்ல சட்டி. மந்தமாகக் கேட்டால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: வாடகை அண்டாவைக் கரியோடு திருப்பிக் கொடுத்தால் கூடுதல் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அடுப்பில் ஏற்றும் முன் சாம்பலையோ களிமண்ணையோ குழைத்து அண்டாவின் வெளிப்புறத்தில் பூசுங்கள். ஆறிய பிறகு தேங்காய் நாரால் தேய்த்தால் கரி அதோடு உதிர்ந்துவிடும்.