தேர்தல் அதிகாரிகள் நியமனத்தில் இளைஞர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்ப்பது நடைமுறையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் "தேர்தல் அதிகாரி" என்று யாரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். டெல்லியில் உட்கார்ந்து தேர்தல் தேதியை அறிவிப்பவரும் தேர்தல் அதிகாரிதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு இரவைக் கழித்துவிட்டு, காலையில் உங்கள் விரலில் மை வைப்பவரும் தேர்தல் அதிகாரிதான். நான் இரண்டாவது வகை. அரசுப் பள்ளி ஆசிரியர். சிறு வயதில் போலியோ வந்ததால் வலது காலில் காலிப்பர் என்ற தாங்குகருவி போட்டு நடப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த கீழ்ப்படியிலிருந்தே தொடங்குகிறேன்.

வாக்குச்சாவடி அலுவலர்களை நியமிப்பவர் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது மாவட்ட ஆட்சியர். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. யாரை நியமிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்வது ஒன்றைத்தான்: அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வேலை பார்த்தவரை நியமிக்கக் கூடாது. வயதைப் பற்றியோ உடலைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை.

பிறகு எங்கே கழற்றி விடப்படுகிறோம்? பட்டியல் தயாரிக்கும் இடத்தில். தேர்தல் நெருங்கும்போது ஒவ்வோர் அலுவலகமும் தன் பணியாளர்களின் பெயர், பதவி, சம்பள நிலை, குடியிருக்கும் தொகுதி, வேலை பார்க்கும் தொகுதி எல்லாவற்றையும் அனுப்பி வைக்கும். அப்போதே கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு விலக்குக் குறிப்பு போடப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கும் பொதுவாக அதே குறிப்புதான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கணினிக் குலுக்கல். யார் பயிற்சிக்கு வர வேண்டும் என்பது முதல் குலுக்கலில் தெரியும். யார் யாரோடு சேர்ந்து எந்தத் தொகுதிக்குப் போக வேண்டும் என்பது இரண்டாவதில். எந்தச் சாவடி என்பது மூன்றாவதில். ஆணையம் அனுப்பிய தேர்தல் பார்வையாளர் முன்னிலையில் ஆட்சியர் குலுக்கலைத் தொடங்கி வைக்கும் புகைப்படம் மறுநாள் செய்தித்தாளில் வரும். பாரபட்சமற்ற முறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போகாத பெயர் மூன்று முறை குலுக்கினாலும் வெளியே வரப்போவதில்லை.

எனக்கு வேலை கிடைத்த பிறகு வந்த முதல் தேர்தலில் என் பெயரே வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அவர்களாகவே விலக்கு போட்டுவிட்டார்கள். அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் முன்கூட்டியே மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஆட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் இருந்த எழுத்தர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சார், இங்கே எல்லோரும் பணி வேண்டாம் என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சிபாரிசுக்கு ஆள் வேறு அழைத்து வருகிறார்கள். நீங்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, தெரிந்துதான் எழுதினீர்களா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதற்கென்று ஒரு கோப்பும் இல்லை. விலக்கு மனுக்களின் அடுக்கிலேயே என்னுடையதையும் வைத்தார். நான் நின்று அதை எடுக்க வைத்து, தனியாக முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

விலக்கு கேட்பவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணி அப்படிப்பட்டது. முந்தின நாள் விநியோக மையத்தில் வரிசையில் நின்று இயந்திரங்கள், படிவங்கள், உறைகள், மை, அரக்கு எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்க வேண்டும். மண்டல அலுவலரின் வண்டி எப்போது கிளம்புமோ அப்போதுதான் நீங்களும் கிளம்புவீர்கள். இரவு சாவடியிலேயே தங்கல். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்பே, வேட்பாளர்களின் முகவர்கள் எதிரில், குறைந்தது 50 ஓட்டுகளாவது போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்ட வேண்டும். மாலையில் ஓட்டு முடிந்தால் நீங்களும் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பதிவான ஓட்டுகளின் கணக்கைக் காட்டும் படிவம் 17சி, சாவடித் தலைமை அலுவலரின் நாட்குறிப்பு, உறை உறையாக முத்திரை, அப்புறம் இயந்திரத்தை வாங்கிச் செல்ல வண்டி வரும்வரை காத்திருப்பு. நள்ளிரவு தாண்டுவது சாதாரணம்.

இதில் என் காலுக்குத் தொந்தரவு கொடுத்தவை இரண்டு. ஒன்று, பயிற்சி வகுப்பு நடந்த கல்லூரியின் மாடிப்படி. இன்னொன்று, சாவடிப் பள்ளியின் கழிப்பறை. குழந்தைகளுக்காகக் கட்டிய குறுகலான அறை, பிடிமானம் கிடையாது. சாவடி வாசலில் சாய்தளம் அருமையாகப் போட்டிருந்தார்கள். வாக்காளர் வந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுவார் என்று கணக்கிட்டுச் செய்த ஏற்பாடு அது. அதே கட்டடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கப்போகும் அலுவலருக்கும் கால் ஊனமாக இருக்கலாம் என்பது யார் கணக்கிலும் இல்லை.

எனக்குக் கிடைத்தது இரண்டாம் அலுவலர் பணி: விரலில் மை வைப்பது, வாக்காளர் பதிவேடான 17ஏ-யில் கையெழுத்து வாங்குவது, சீட்டு எழுதிக் கொடுப்பது. உட்கார்ந்த இடத்து வேலை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. அடையாளம் சரிபார்க்கும் முதல் அலுவலர் தயங்கி என்னைப் பார்த்தார். பயிற்சியில் கொடுத்த கையேட்டில் இதற்கு வழி இருக்கிறது. இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் அந்தக் கையின் வேறு விரல். இடது கையில் விரல்களே இல்லையென்றால் வலது கை விரல். இரண்டு கைகளிலும் இல்லையென்றால் இருக்கும் கையின் நுனி. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள ஏற்பாடு இது. வலது விரலில் மை வைத்தேன். "தெரிந்த ஆளாக உட்கார வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். விரலே இல்லாத ஒருவர் ஓட்டுப் போட வருவார் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார். மேசைக்கு மறுபக்கம் உட்காருபவரைப் பற்றி இந்த அளவு நுணுக்கமாக இன்றுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடிகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும், தேர்தல் தொடர்பான ஆவணங்கள் எளிதில் புரிய வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு, ஆனால் நடத்துபவர் என்ற நினைப்பு அதிலும் இல்லை. அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு அரசு வேலையில் எங்களுக்குக் குறைந்தது 4 சதவீதம் இடம் தருகிறது. ஆண்டு முழுக்க வேலைக்குத் தகுதி உண்டு, வாக்குப்பதிவு நாளன்று மட்டும் கிடையாது என்றால் என்ன நியாயம்?

"பார்வையில்லாதவர் எப்படி ஐயா இந்த வேலையைச் செய்வார்?" என்று கேட்பார்கள். முதல் அலுவலர் வேலை கஷ்டம்தான். வாக்காளர் முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட வேண்டும். ஆனால் மூன்றாம் அலுவலர் வேலையைப் பாருங்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும்; வாக்காளர் ஓட்டுப் போட்டதும் நீளமாக ஓர் ஒலி எழும்பி விளக்கு அணையும். காது கேளாதவருக்கு விளக்கு இருக்கிறது, பார்வையில்லாதவருக்கு ஒலி இருக்கிறது. பார்வையில்லாதவர் என்றால் சீட்டைச் சரிபார்க்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். எந்த வேலையை யார் செய்ய முடியும் என்று இப்படிப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக விலக்கு போடுவது நிர்வாகத்துக்குச் சுலபமான வழி.

அண்மைக் காலத் தேர்தல்களில் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சாவடி, இளைஞர்களே நடத்தும் சாவடி என்று வைக்கிறார்கள். வாழைமரம், பலூன், தோரணம், செல்ஃபி எடுக்க ஓரிடம். எனக்கு அதில் அரை மனதுதான். அந்தச் சாவடியில் கழிப்பறையும் மின்விசிறியும் சரியாக இருக்கும், கேமராக்கள் வருமே! மற்ற சாவடிகளில் எங்களில் ஒருவர்கூட இல்லாமல், ஒரே சாவடியில் நால்வரையும் கூட்டி வைப்பதைவிட, சாதாரணச் சாவடியில் நால்வரில் ஒருவராக உட்காருவதையே நான் விரும்புவேன். ஆரம்பத்துக்கு அதுவாவது வேண்டும் என்று வாதாடும் நண்பர்களும் எனக்கு உண்டு.

இளைஞர் விஷயம் வேறு மாதிரி. அரசு வேலையில் இருக்கும் இளைஞருக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகப் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாம், மூன்றாம் அலுவலர்களாகத் தாராளமாகப் போடுகிறார்கள். தலைமை அலுவலர் பணிக்குச் சம்பள நிலையும் பதவியும் பார்ப்பதால் அது மூத்தவர்களுக்குப் போகிறது. அரசு வேலையில் இல்லாத இளைஞருக்கோ தன்னார்வலர் சட்டைதான்: சக்கர நாற்காலி தள்ளலாம், வரிசையை ஒழுங்கு செய்யலாம். மெக்சிகோவில் வாக்காளர் பட்டியலிலிருந்தே பிறந்த மாதத்தையும் குடும்பப் பெயரின் எழுத்தையும் வைத்துக் குலுக்கிச் சாவடி அலுவலர்களை எடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 16, 17 வயது மாணவர்களே சாவடியில் வேலை செய்கிறார்கள். இங்கே அரசு ஊழியர்களையே நம்புவதற்குக் காரணம் உண்டு. தேர்தல் முடியும்வரை அவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்களாகக் கருதப்படுவார்கள் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவு. தவறு செய்தால் வேலைக்கே ஆபத்து. கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையை அந்த மேசையில் உட்கார வைக்க நமக்கே தைரியம் வராது. குலுக்கலில் எடுத்து, வேறு தொகுதிக்கு அனுப்பினால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும் என்பது என் கருத்து.

இனி மேலே. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு இறுதியில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் நியமிக்கும் மத்திய அமைச்சரை வைத்தது. அதைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள். யாரும் அதிகம் பேசாதது தகுதி பற்றிய பிரிவு: மத்திய அரசின் செயலாளருக்கு இணையான பதவியில் இருப்பவரோ இருந்தவரோதான் ஆணையராகலாம். ஐம்பதைத் தாண்டாமல் அந்தப் பதவிக்கு வருவது அரிது. 18 வயதில் ஓட்டு, 21-இல் ஊராட்சித் தலைவர், 25-இல் நாடாளுமன்ற உறுப்பினர். தேர்தலை நடத்தும் ஆணையர் மட்டும் ஓய்வுக்கு அருகில் இருப்பவராக இருக்க வேண்டும். பெயர்களைத் தேடித் தரும் குழுவிலும் சட்ட அமைச்சரோடு இருப்பவர்கள் செயலாளர் நிலை அதிகாரிகள்தான். தென்னாப்பிரிக்காவில் தேர்வுக் குழுவிலேயே மனித உரிமை ஆணையம், பாலினச் சமத்துவ ஆணையம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். தேடல் குழுவில் ஓர் இடத்தை மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றித் தெரிந்தவருக்குக் கொடுத்தால் வானம் இடிந்து விழாது. தமிழ்நாட்டில் 2025-இல் உள்ளாட்சி அமைப்புகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மன்றத்தில் உட்காரலாம் என்றால் அந்த மன்றத்துக்கான தேர்தலை நடத்தும் இடத்திலும் உட்காரலாம்.

கேள்வி கேட்டவர் அரசுப் பணியில் இருக்கும் மாற்றுத்திறனாளியாக இருந்தால் ஒரு யோசனை. பணியாளர் விவரம் உங்கள் அலுவலகத்திலிருந்து போவதற்கு முன்பே, அலுவலகத் தலைவர் வழியாக மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு எழுதுங்கள். "பணிக்குத் தயார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த அலுவலர் பணியைச் செய்ய முடியும், தரைத்தளத்தில் பயிற்சி வேண்டுமா, எப்படிப்பட்ட கழிப்பறை வேண்டும், போக்குவரத்துக்கு என்ன தேவை என்று வரி வரியாக எழுதுங்கள். ஒப்புகை முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு மனுக்களோடு சேர்த்துவிடுவார்கள், கவனம்.