ஸ்பானிங் ட்ரீ: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, எங்க ஆபீஸ்ல மொத்தமே நாலு சிஸ்கோ ஸ்விட்ச். எஸ்டிபியை ஆஃப் பண்ணிடலாமா?

வேண்டாம் தம்பி. எஸ்டிபி, அதாவது ஸ்பானிங் ட்ரீதான் ஸ்விட்சுகளுக்கு இடையே லூப் (சுற்றிச் சுற்றி வரும் பாதை) உண்டாகாமல் தடுப்பது. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் எனும் ஆயுள் எண்ணிக்கை உண்டு, சில சுற்றில் தானாகச் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்), கேபிளைப் பிடுங்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்டிபியை ஆஃப் செய்து வைத்திருந்த ஓர் அலுவலகத்தில், மேஜைக்கடியில் கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் யாரோ சுவர் சாக்கெட்டுகளில் செருகிவிட்டார்கள். நான் போய் ரேக்கைத் திறந்தால் எல்லா போர்ட் விளக்கும் விடாமல் துடிக்கிறது. கன்சோலில் ஓர் எழுத்து அடித்தால் திரையில் வரப் பல விநாடி. அந்த ஒரே கேபிளைத் தேடி மூன்று மணி நேரம் அலைந்தோம்.

கேள்வி: சார், ரூட் பிரிட்ஜ் எதுன்னு பார்த்தா மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பழைய ஸ்விட்ச்! கோர் ஏன் வரல?

ரூட் பிரிட்ஜ் என்பது எஸ்டிபி மையமாக வைத்துப் பாதைகளைக் கணக்கிடும் ஸ்விட்ச். அது எதுவென்று நீங்கள் எதுவும் சொல்லாததால்தான். எல்லாவற்றிலும் பிரயாரிட்டி 32768 என்றே இருந்தால், மேக் முகவரி (ஸ்விட்சின் வன்பொருள் எண்) சிறியதாக உள்ள பெட்டி ஜெயிக்கும்; பழைய பெட்டிக்குப் பெரும்பாலும் அதுதான் சிறியது. கோரில், அதாவது நடுவில் உள்ள முக்கிய ஸ்விட்சில், 'ஸ்பானிங்-ட்ரீ விலான் 10 பிரயாரிட்டி 4096' என்றும் (விலான் என்பது நெட்வொர்க்கின் ஒரு தனிப் பிரிவு), அடுத்த ஸ்விட்சில் 8192 என்றும் போடுங்கள். 4096-இன் மடங்குகளை மட்டுமே ஏற்கும். 'ஷோ'வில் 4106 என்று வந்தால் பதற வேண்டாம், விலான் எண்ணையும் கூட்டிக் காட்டுகிறது. 'ரூட் பிரைமரி' கட்டளை அந்த நேரத்து ரூட்டைப் பார்த்து பிரயாரிட்டியைக் கணக்கிடுவதோடு சரி. நாளை வருகிற ஸ்விட்சைத் தடுக்காது. அதனால் நான் எப்போதும் எண்ணையே போடுவேன்.

கேள்வி: பிசி ஆன் பண்ணா அரை நிமிஷம் ஐபி வர்றதில்லை, சார்.

போர்ட்டைத் திறக்கும் முன் எஸ்டிபி காத்திருக்கும் நேரம் அது: லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி. பிசி, பிரின்டர் போர்ட்டுகளில், காத்திருக்காமல் திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். கூடவே பிபிடியூ கார்டு கட்டாயம். அந்த போர்ட்டில் யாராவது ஸ்விட்சைச் செருகி பிபிடியூ (ஸ்விட்சுகள் தமக்குள் அனுப்பும் எஸ்டிபி செய்தி) வந்தால் போர்ட் எர்ர்-டிசேபிள் ஆகும், அதாவது தானாக மூடிக்கொள்ளும். முதலில் அந்த ஸ்விட்சைக் கழற்றுங்கள், பிறகு போர்ட்டை மீண்டும் திறக்க 'ஷட்', 'நோ ஷட்'.

கேள்வி: பிபிடியூ ஃபில்டர் போட்டா அந்தத் தொல்லையே இல்லையாமே?

இன்டர்ஃபேஸில் அதைப் போட்டால் பிபிடியூ போகவும் போகாது, வந்தாலும் பார்க்காது. லூப் வந்தாலும் ஸ்விட்சுக்குத் தெரியாது. தயவுசெய்து போடாதீர்கள்.

கேள்வி: ராபிட் பிவிஎஸ்டிக்கு மாறலாமா அண்ணா?

தாராளமாக. அது எஸ்டிபியின் வேகமான வகை; அதன் அடிப்படையான 802.1டபிள்யூ தரநிலை 2001-லேயே வந்துவிட்டது. மோடை மாற்றும்போது ஸ்பானிங் ட்ரீ முதலிலிருந்து தொடங்கும், ஆகவே ஆபீஸ் முடிந்தபின் செய்யுங்கள். பிறகு ஸ்விட்சுகளுக்கு இடையிலான லிங்குகளில் டைப் 'ஷேர்டு' என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் அந்த லிங்க் ஹாஃப் டியூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் அங்கே வேகம் வராது.