தருமபுரி எட்டு வரியாக உடைவது ஏன்?

கேள்வி: ஐயா, பைத்தான் நிரல்மொழி கற்று வருகிறேன். மாவட்டப் பெயர், அடுத்து அதன் தாலுகாக்கள் ஒரு உள்பட்டியல் என்று ஒரே லிஸ்ட்டில் எழுதினேன்: ["தருமபுரி", ["அரூர்", "பென்னாகரம்"], "கிருஷ்ணகிரி", ["ஓசூர்", "ஊத்தங்கரை"]]. அப்படியே பிரிண்ட் கொடுத்தால் அடைப்பும் மேற்கோள் குறியுமாக ஒரே வரியில் வருகிறது. ஃபார் லூப்புக்குள் இன்னொரு ஃபார் லூப் போட்டால் தாலுகாக்கள் வரிக்கு ஒன்றாகச் சரியாக வருகின்றன, ஆனால் மாவட்டப் பெயர்கள் சிதறுகின்றன. தருமபுரி எட்டு வரியில் விழுகிறது. என்ன செய்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: லூப்பில் கோளாறு இல்லை, உங்கள் லிஸ்ட்டில் இரண்டு வகைப் பொருள் கலந்திருக்கிறது. வெளி லூப் முதலில் எடுப்பது "தருமபுரி" என்ற ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை. அதையும் உள் லூப்பிடம் கொடுத்துவிடுகிறீர்கள், ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கலாம் என்பதால் பைத்தான் பிழை எதுவும் காட்டாமல் பிரித்துத் தந்துவிடுகிறது. அதிலும் தமிழில் ஒரு சிக்கல் கூடுதல். நம் கண்ணுக்குத் த, ரு, ம, பு, ரி என்று ஐந்து எழுத்துதான், ஆனால் கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கும் யூனிகோடில் உகரக் குறி இரண்டும் இகரக் குறி ஒன்றும் தனித்தனி இடம் பிடிக்கின்றன, ஆக எட்டு. நீளம் சொல்லும் லென் (len) போட்டுப் பாருங்கள், 8 என்றே வரும். ஓசூருக்கு 5 வரும். தமிழில் நிரல் எழுதுகிற எல்லோரும் இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது, பின்னால் எழுத்து எண்ணுவது, சொல்லைத் திருப்பிப் போடுவது என்று எதைச் செய்தாலும் இதே இடத்தில்தான் மாட்டுவோம்.

சரி, தீர்வு. உள் லூப்புக்குப் போகும் முன் இஸ்இன்ஸ்டன்ஸ் (isinstance) கொண்டு, கையில் இருப்பது லிஸ்ட்டா என்று கேளுங்கள். லிஸ்ட் என்றால் மட்டும் உள்ளே போகட்டும், இல்லையென்றால் அப்படியே பிரிண்ட்.

இரண்டு அடுக்குக்கு இது போதும். தாலுகாவுக்குள் ஃபிர்கா, ஃபிர்காவுக்குள் கிராமம் என்று நாளைக்கு நீட்டினால் அடுக்குக்கு ஒரு லூப் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள், அதற்கு லிஸ்ட்டையும் ஆழம் என்ற எண்ணையும் கொடுங்கள், ஆழம் 0 இலிருந்து தொடங்கட்டும். லிஸ்ட் எதிர்ப்பட்டால் அந்த ஃபங்ஷன் தன்னையே ஆழத்தில் 1 கூட்டி அழைக்கும், மற்றதை வெற்றிடத்தோடு அச்சிடும். வெற்றிடத்துக்குத் தனி லூப் வேண்டாம், நான்கு இடைவெளி உள்ள ஸ்ட்ரிங்கை ஆழத்தால் பெருக்கினாலே போதும். அரூரும் பென்னாகரமும் தருமபுரிக்குக் கீழே உள்தள்ளி நிற்கும்.

ஒரு உள்பட்டியல் முழுவதும் ஒரே வரியில் வந்தால் போதும் என்றால் வேலை இன்னும் சுலபம்: பிரிண்ட்டுக்குள் அந்த லிஸ்ட்டின் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுங்கள், அடைப்பும் மேற்கோளும் போய்விடும், செப் (sep) என்பதில் காற்புள்ளி கொடுத்தால் நடுவில் அதுவும் வரும். இது பைத்தான் 3 இல்தான் நடக்கும். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறியே போடாத பழைய பாடம் எதையாவது பார்த்துப் படிக்கிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள், பைத்தான் 2 க்கான ஆதரவு 2020 இலேயே முடிந்துவிட்டது.

அப்புறம், முடிந்தால் லிஸ்ட்டையே மாற்றிவிடுங்கள். மாவட்டம் சாவியாகவும் தாலுகாப் பட்டியல் மதிப்பாகவும் டிக்‌ஷனரியில் வைத்தால் வெளி லூப்பில் ஐட்டம்ஸ் (items) கொண்டு சாவியையும் மதிப்பையும் சேர்த்து எடுங்கள், சாவியை அப்படியே பிரிண்ட் கொடுத்துவிட்டு மதிப்பை மட்டும் உள் லூப்பிடம் கொடுங்கள், இடையில் எந்தச் சோதனையும் இல்லாமல் ஒழுங்காக ஓடும்.