வயதான பெற்றோரைப் பகல்நேர முதியோர் மையத்திற்கு அனுப்பினால் மகிழ்ச்சியாக இருப்பார்களா, கைவிடப்பட்டதாக நினைப்பார்களா?

கேள்வியைப் படித்தவுடனே கேட்டவரின் நிலைமை எனக்கு ஓரளவு விளங்கிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் தாயோ தந்தையோ உங்களுக்கு இருப்பார். நீங்களும் உங்கள் துணையும் வேலைக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். ஏதோ ஒரு மையத்தை நேரில் பார்த்துவிட்டும் வந்திருப்பீர்கள். ஆனால் உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் உங்களை உறங்க விடாமல் செய்துகொண்டிருக்கும். 2022ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். "பெத்த அப்பனைக் கொண்டுபோய் ஒரு எடத்துல தள்ளிட்டியேடி" என்று என் அத்தை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்தச் சொல் இன்றும் வலிக்கிறது. அதனாலேயே இந்தப் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மகிழ்ச்சியாக இருக்கிறார். மகளாகிய நான் எத்தனை பாடுபட்டாலும் கொடுத்திருக்க முடியாத ஒன்றை அவர் அந்த மையத்தில் பெற்றார். அது என்னவென்று விளங்க வேண்டுமானால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர். பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை என்பது அதன் முறையான பெயர், தொழிற்சங்கத் தலைவர் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று 1918ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது என்பதை அவர் எங்களுக்குப் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறார். 1963இல் இருபது வயதில் நெசவுப் பிரிவில் சேர்ந்த அவர், 1996இல் ஆலை மூடப்படும் வரை அங்கேயே இருந்தார். அதன்பிறகு சௌகார்பேட்டையில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்து எங்களைக் கரையேற்றினார். உடன் வேலை பார்த்தவர்கள் புழலுக்கும் செங்குன்றத்துக்கும் மணலிக்கும் குடிபெயர்ந்து போனார்கள். சிலர் இறந்து போனார்கள். 2019இல் அம்மாவும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பா பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் அசைப்பார். அதுவும் கேள்விக்குப் பொருந்தாமல் இருக்கும். தொலைக்காட்சியைத் தெருவுக்கே கேட்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, அதைப் பாராமல் ஓட்டேரித் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். துக்கம் என்று ஓராண்டு நினைத்தேன். மறதி நோயோ என்று அடுத்த ஆண்டு அஞ்சினேன். காலை ஏழரை மணிக்கு ஹாட் பாக்ஸில் சோற்றையும் குழம்பையும் எடுத்து வைத்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துப் பெட்டியில் போட்டு, கதவை வெளியே பூட்டலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று தவித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். ஒரு மகள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டதாகவே நம்பினேன்.

முதலில் ஒரு நிறுவனத்தின் மூலம் வீட்டுக்கே ஆள் வைத்தோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. வந்த பையன் கெட்டவன் அல்லன். ஆனால் அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மாத்திரை கொடுப்பான், கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போவான், மற்ற நேரமெல்லாம் கைபேசியில் இருப்பான். நான்கு மாதங்களில் மூன்று பேரை மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு புதிய முகத்துக்கும் அப்பா இன்னும் கொஞ்சம் உள்ளே ஒடுங்கிப் போனார். பணம் கொடுத்துவிட்டால் பராமரிப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எல்லாச் சேவையும் நல்ல சேவை என்று நான் வாதாட வரவில்லை.

பிறகுதான் எங்கள் பகுதியிலேயே ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் பகல்நேர மையத்தைப் பற்றித் தெரியவந்தது. காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். மாலை நாலரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். முதல் இரண்டு வாரங்கள் அப்பா பட்ட பாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. வண்டியில் ஏற மறுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடாமலே திரும்பி வந்தார். அந்த நாட்களில் அத்தை சொன்னதே சரியோ என்று நானும் அழுதிருக்கிறேன். உங்களுக்கும் அந்த இரண்டு வாரங்கள் வரலாம். அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் வாரம் அங்கே பணிபுரியும் வியாசர்பாடிப் பெண் ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், எனக்குத் தொலைபேசியில் பேசினார். "டீச்சர், ஐயாவுக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன். ஒரு தடவ ஸ்டான்லியில காட்டிடுங்களேன். அதோட, சனிக்கிழமை மத்தியானம் நீங்க வந்து ஒண்ணு பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை போனேன். கூடத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சன்னல் ஓரத்தில் இருந்தார். எதிர்க்கோடியில், புளியந்தோப்பிலிருந்து வரும் ஒரு பெரியவர், தம் இரண்டு சுட்டுவிரல்களையும் கொக்கிபோல் கோத்துப் பிடித்துப் பிறகு வெடுக்கென்று இழுத்துப் பிரித்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு, ஒரு கையால் மேலுதட்டின்மேல் மீசை முறுக்குவது போல் காட்டி, கண்ணைக் கதவுப்பக்கம் ஓட்டினார். அந்தப் பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா இறந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முதற் சைகைக்கு நூல் அறுந்துவிட்டது என்று பொருள். இரண்டாவதற்கு மேஸ்திரி வருகிறார் என்று பொருள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே நெசவாளர்கள் கையாலும் உதட்டசைவாலும் பேசிப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரும் அதே நெசவுப் பிரிவுதான், ஆனால் வேறு ஷிப்ட். சங்கு ஊதியதும் ஒருவர் வெளியே வர மற்றவர் உள்ளே போவார், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் கை மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் அவருடைய மகளாக இருந்த எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்கவில்லை.

ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பரிசோதித்தார்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஆண்டுக்கணக்கில் நின்றால் உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்துபோகும். அவை மீண்டும் முளைப்பதில்லை. உச்ச ஒலிகள் முதலில் போகும். ஆகவே குரல் கேட்கும், சொல் பிரிந்து விளங்காது. அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். அம்மா இருந்தவரை அவருடைய உதட்டைப் பார்த்தே அப்பா எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்கிறார். அம்மா போனதும் அந்த உதடும் போய்விட்டது. நானோ சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே பேசியிருக்கிறேன். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவித்திறன் குறைவையும் மனிதத் தொடர்பற்ற தனிமையையும் சேர்த்திருக்கிறது. அந்த இரண்டும் என் வீட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன. மூன்று ஆண்டுகள் நான் அதைக் காணவில்லை. மூன்று வாரங்களில் அந்தப் பெண் கண்டுபிடித்தார்.

இன்று அப்பா காதுக்கருவி அணிகிறார். கேரம் பலகையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. எங்கள் வட சென்னையில் கேரம் விளையாட்டு என்றால் சாதாரணம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய வாரம் முழுவதும் மையத்தில் அதே பேச்சாக இருந்ததாம். மாலையில் வந்ததும் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எனக்குச் சொல்ல அவரிடம் செய்தி இருக்கிறது. அதற்குமுன் வெளியுலகச் செய்தியை நான்தான் அவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம் பண்பாட்டில் இல்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எங்கள் பகுதியைக் காட்டுகிறேன். 1782இல் பஞ்சம் வந்தபோது கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரம் இராயபுரத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் மருத்துவமனையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி. எங்கள் பாட்டிமார் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்னார்கள். ஆதரவில்லாத முதியோரை ஊர் சேர்ந்து பார்த்துக்கொள்வது வட சென்னைக்குப் புதியது அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பாவை நான் எங்கும் விட்டுவிடவில்லை. அவர் ஒவ்வொரு மாலையும் என் வீட்டில்தான் காபி குடிக்கிறார். முழுநேர இல்லங்களில் பெற்றோரை வைத்திருப்பவர்களைக் குறை சொல்லவும் எனக்கு உரிமை இல்லை; அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்கு.

உண்மையில் வயதானவர்களை அவமதிப்பது எது என்று கேட்டால், நான் வேறொன்றைச் சொல்வேன். அப்பாவுக்கு வருவது வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம், 2014 முதல் மாறாமல் இருக்கும் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய். அதற்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் நூலைத் தடவிய விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? விரல் பதியவில்லை என்று ஒரு வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, உயிரோடு எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்து, "ஆள் யாருன்னு மிஷின் ஒத்துக்கலையே, நாங்க என்ன பண்றது" என்றார்கள். அன்று அவர் வீடு வரும்வரை தம் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தைக் காட்டிக் கைபேசியிலேயே அந்தச் சான்றை அனுப்ப முடியும் என்று அங்கே ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதைச் செய்து கொடுத்ததும் அந்த வியாசர்பாடிப் பெண்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் பக்கத்தில் மையம் தேடும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சொல்லாமல் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள். எல்லோரும் ஒரே திசையில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சேர்க்கும்போது நோய்களையும் மாத்திரைகளையும் மட்டும் எழுதிக்கொள்கிறார்களா, என்ன தொழில் செய்தார், யாருடன் பழகினார், எதை விரும்பி விளையாடுவார் என்றும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பணிபுரிகிறவர்கள் எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாதாமாதம் ஆள் மாறும் இடத்தில் உங்கள் தாயின் பெயரைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். காது, கண், பல் மூன்றையும் அனுப்புவதற்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

கட்டணம் கட்ட முடியாதவர்களும் இதைப் படிப்பீர்கள். முதியோருக்கான உதவி எண் 14567இல் அழைத்தால் அருகிலுள்ள சேவைகளைப் பற்றிச் சொல்வார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. சென்னையில் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் கொடுக்கிறார்கள். பழைய நண்பர் ஒருவரைப் போய்ப் பார்த்துவர அதுவே போதும். வசதி இருந்தும் பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.

சென்ற ஆண்டு அந்தப் புளியந்தோப்புப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இனி அவரால் மையத்துக்கு வர முடியாது. அப்பா பழையபடி ஒடுங்கிவிடுவாரோ என்று நான் பயந்தேன். மையத்தார் தாமாகவே ஓர் ஏற்பாடு செய்தார்கள்: வியாழக்கிழமைகளில் வண்டி திரும்பும் வழியில் அந்தப் பெரியவர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நிற்கும், அப்பாவை இறக்கி, கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். உள்ளே போனதும் அப்பா காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைகளைத் தூக்கினார்.