நெருக்கடி நிலையிலும் நீதிமன்றம் உண்டு

கும்பகோணத்தில் 30 ஆண்டுகளாக வழக்கு நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவரிடம் டெல்டா வாசகர்கள் கேட்டவை.

திருவாரூர் வாசகர்: ஐயா, நெருக்கடி நிலை அறிவித்துவிட்டால் போலீஸ் யாரையும் பிடித்து அடைக்கலாமா? நீதிமன்றம் கேட்காதா?

1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது உண்மை. விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்கள், ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். 9 உயர் நீதிமன்றங்கள் அதற்கு முன் கைதிகள் பக்கம் நின்றிருந்தும் பயனில்லை. எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நெருக்கடி நிலைக் காலத்தில்தான் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டார்கள். பின்னர் அதை விசாரித்த நீதிபதி மு.மு.இஸ்மாயில் நம் நாகூர்க்காரர்.

இன்று அப்படிச் செய்ய வழியில்லை. 1978இல் வந்த அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்தின்படி, உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 2017இல் உச்ச நீதிமன்றமே பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

மன்னார்குடி விவசாயி: போராட்டம் என்றாலே 144 போடுகிறார்களே, அதுவும் நெருக்கடி நிலைதானா?

இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 163ஆம் பிரிவு. சாதாரணமாக 2 மாதத்துக்கு மேல் நீடிக்காது. உத்தரவை வெளியிட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நகல் வாங்குங்கள், வழக்குப் போட அது உதவும்.

பாபநாசம் தாயார்: மகனைக் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். எங்கே போவது?

அம்மா, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்றால் சென்னை. உத்தரவோடு கொடுத்த காகிதக் கட்டை ஒரு தாள்கூட விடாமல் கொண்டுவாருங்கள். முன்பு ஒரு கட்டைப் புரட்டியபோது நடுவில் ஒரு பக்கம் மை அப்பிக் கறுத்துக் கிடந்தது; ஓர் எழுத்தும் தெரியவில்லை. படிக்க முடியாததற்கு எப்படி முறையீடு எழுதுவது என்று கேட்டோம். அந்த ஒரு பக்கத்தால் உத்தரவு ரத்தானது.

நாகை மீனவர்: இரவில் வந்து அழைத்துப்போனால்?

மணியைக் குறித்துவையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ கையெழுத்திட வேண்டும். நேரம் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.